வெட்டியொட்டல்

புற்றுநோய் மரபணு பற்றி எழுதுவோர் சிலர் 'ஸ்ப்ளைசிங்' என்பதைப் 'பிளவு' என்கிறார்கள். பாதிதான் சரி. அதன் மூலம் பழைய டச்சுச் சொல் 'ஸ்பிளிசன்'; கயிற்று நுனிகளின் புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று செலுத்திப் பின்னுகிற மாலுமி வேலை. முடிச்சே விழாத இணைப்பு. பிறகு சினிமாக்காரர்கள் பிலிம் துண்டுகளை ஒட்டுவதற்கு எடுத்துக்கொண்டார்கள். 1977-இல் துண்டுபட்ட மரபணுக்கள் தெரியவந்ததும் சொல் உயிரணுவுக்குள் நுழைந்தது: ஆர்என்ஏவில் இன்ட்ரான் என்ற இடைத்துண்டுகளை நறுக்கியெறிந்து, எக்ஸான் என்ற மீதித் துண்டுகளைச் சேர்ப்பது. புரதக் குறிப்பே இல்லாத இன்ட்ரானின் ஓரத்தில் ஓர் எழுத்து பிசகினாலும், பிஆர்சிஏ1 மரபணுச் செய்தியில் ஓர் எக்ஸான் முழுதாக விடுபட்டு மார்பகப் புற்றுக்கு வழி திறக்கலாம். இதைத் தமிழில் 'பிணைப்பு' என்றால் வேதியியல் பிணைப்போடு குழம்பும். என் ஓட்டு 'வெட்டியொட்டல்' பக்கம்; கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனாலும் இரண்டு வேலையையும் சொல்லிவிடுகிறது.