லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

சென்ற மாதம் மாடி ஹாலில் நடந்த உள்ளூர் வரலாற்றுப் பேச்சுக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் சுண்டலுக்காக வந்த சிறுவர்கள். இருந்தாலும் அந்தச் சிறுவர்களில் ஒருவன் கேட்ட கேள்வியால்தான் இதை எழுதுகிறேன். "தாத்தா, லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?"

மேற்கு மாம்பலத்தில் இத்தனை வருடம் இருக்கிறோம். அந்தத் தெருவில் காய்கறி வாங்காதவர் நம்மில் யாரும் இல்லை. லேக் எங்கே என்று நாம் கேட்டதில்லை.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது ஒரு ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில், நகரத்தில் இடம் போதவில்லை என்று ஏரியின் மாம்பலம் பகுதியை வற்றவைத்து மனை போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் தியாகராய நகர். 1925இல் காலமான சர் பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு வந்தது. அப்போது முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜா பெயர் பூங்காவுக்கு வந்தது. டாக்டர் நாயர், நடேச முதலியார், உஸ்மான் என்று கட்சிக்காரர்கள் எல்லோரும் தெருப்பெயரில் இன்றும் இருக்கிறார்கள். ஏரிக்கு மிஞ்சியது நம் பக்கம் ஒரு லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் ஒரு டேங்க் பண்ட் ரோடு, ஒரு லேக் ஏரியா. வடக்கே மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரியும் பிறகு தூர்ந்தது. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த நிலத்தில்தான்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு மாம்பலத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான்.

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் சில வருடம் இருந்தேன். அடமானத்துக்கு வரும் மூலப் பத்திரங்களில் நான்கெல்லையைப் படித்துக் குறிப்பெடுப்பது என் வேலை. பழைய பத்திரம் ஒன்றில் கிழக்கெல்லை 'ஏரி வாய்க்கால்' என்று இருந்தது. அதே மனையின் புதுப் பத்திரத்தில் அது 'முப்பதடி ரோடு'. பணம் சரியாக இருந்தது, வில்லங்கமும் இல்லை, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வாய்க்கால் எங்கே போனது என்று எனக்கும் தோன்றவில்லை.

அது எங்கேயும் போகவில்லை என்று 2021 நவம்பரில் தெரிந்தது. 6ஆம் தேதி இரவு தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. துரைசாமி சுரங்கப்பாதை மூழ்கியது. நம் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர், லிஃப்ட் மோட்டார் போயிற்று. தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி தி.நகர் வழியாக நந்தனத்தில் அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய் ஒன்றுதான் இத்தனைக்கும் வடிகால்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பொதுக்குழுவில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றை மூடி இரண்டு கார் நிறுத்த இடம் செய்யலாம் என்ற தீர்மானம் வருகிறது. எனக்குக் கார் இல்லை, அதனால் பேசுவது சுலபம் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டைமாடிக் குழாயை அந்தக் கிணற்றில்தான் விட்டோம். 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, நாம் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் தண்ணீர் கொடுத்தது அதுதான். மழையில் அது குடிக்கிற தண்ணீர் அளவுக்கு நம் கீழ்த்தளத்தில் தண்ணீர் குறையும். வரவு இரண்டு பக்கமும் இருக்கிறது. கார் நிறுத்தப் பக்கத்து மனையில் மாத வாடகைக்கு இடம் கிடைக்குமா என்று இன்னும் யாரும் கேட்கக்கூட இல்லை.

ஓட்டுப் போடுவதற்கு முன் ஒரு நடை போய் வருவோம். பொதுக்குழுவுக்கு முந்தைய ஞாயிறு காலை 6 மணி, வாட்ச்மேன் ரூம் அருகே கூடுவோம். லேக் வியூ ரோடு, சுரங்கப்பாதை, பனகல் பூங்கா, ஜி.என். செட்டி ரோட்டில் கால்வாய், கடைசியில் வள்ளுவர் கோட்டம். முட்டி வலிக்காரர்கள் பனகல் பூங்காவிலிருந்து ஆட்டோவில் திரும்பிவிடலாம், நானும் அவர்களோடு திரும்பினாலும் திரும்புவேன். சிறுவர்களை அவசியம் அழைத்து வாருங்கள், சுண்டல் உண்டு. முதலில் நம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம், டார்ச் நான் கொண்டு வருகிறேன்.