தேர்தல் மனுவும் காலமும்

ஜொகூர் மாநிலம் தன் சட்டமன்றத்துக்கு 56 பேரையும் நாடாளுமன்றத்துக்கு 26 பேரையும் தேர்ந்தெடுக்கிறது. இந்த 82 முடிவுகளுள் எதனையேனும் மறுக்க விழைவோர்க்குத் திறந்திருக்கும் வாயில் ஒன்றே. உயர் நீதிமன்றத்தில் அளிக்கப்படும் தேர்தல் மனுவின் வழியன்றி எத்தேர்தலையும் கேள்விக்குள்ளாக்க இயலாது என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 118ஆம் விதி. அவ்வாயில் எப்போது நீதி தந்தது, எப்போது தரத் தவறியது என்பதை மலேசியா, தமிழ்நாடு ஆகிய இரு நிலங்களின் வழக்குகளைக் கொண்டு நாம் ஆராய்வோம்.

இம்முறையின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. தேர்தல் பூசல்களை அங்கே நெடுங்காலம் நாடாளுமன்றமே தீர்த்துவந்தது. பெரும்பான்மையினர் தம்மவரையே காப்பர் என்னும் ஐயம் வலுக்கவே, 1868ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. அம்மரபிலேயே நம் நாட்டின் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டமும் அமைந்தது. முடிவு அரசிதழில் வெளியான 21 நாள்களுக்குள் மனு அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் பொது விதி.

இந்தியாவும் இம்மரபையே ஏற்றது. அதன் முதற் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் என்.பி. பொன்னுசாமியின் வேட்புமனு தள்ளப்பட்டது. அவர் உடனே நீதிமன்றத்தை நாடினார். தேர்தல் நடந்துகொண்டிருக்கையில் நீதிமன்றம் குறுக்கிடலாகாது, முடிந்தபின் தேர்தல் மனுவே வழி என்று 1952இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் தடையின்றி நடைபெற வேண்டும் என்பதற்காகத் தனியொருவரின் முறையீடு காத்திருக்க வைக்கப்பட்டது. அங்ஙனம் காத்திருப்பவர்க்கு உரிய காலத்தில் விடை கிடைத்தால்தான் இவ்வேற்பாடு நியாயமாகும்.

காலக்கெடு மனுதாரரையும் கட்டும். 1964 பொதுத்தேர்தலில் பங்சாரில் வென்ற தேவன் நாயருக்கு எதிரான மனு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மனுவின் அறிவிப்பை எதிர்தரப்புக்குப் பத்து நாள்களுக்குள் சார்பு செய்ய வேண்டும் என்னும் விதி மீறப்பட்டிருந்தது. அவ்விதி கட்டாயமானது என்று கொண்ட பிரிவி கவுன்சில், மனுவே செல்லாது என்றது. குற்றச்சாட்டின் மெய்ம்மை ஆராயப்படாமலே வழக்கு முடிந்தது. கடுமையான தீர்ப்பே, ஆயினும் வென்றவரின் இருக்கையும் வாக்காளரின் பேராளரும் காலவரையின்றி ஊசலாடலாகாது என்பதே அதன் உட்கருத்து.

அவ்விரைவு நீதிமன்றத்தையும் கட்டும்போது பயன் விளைகிறது. தேர்தல் மனு விசாரணை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 2018 ஏப்ரல் 28 அன்று நெகிரி செம்பிலானின் ரந்தாவ் தொகுதியில், அனுமதி அட்டை இல்லை என்று டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி வேட்புமனு மையத்துள் விடப்படவில்லை. முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். நவம்பர் 16இல் தேர்தல் நீதிமன்றம் அம்முடிவை இரத்துச் செய்தது. 2019 பிப்ரவரி 18இல் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. ஏப்ரல் 13 இடைத்தேர்தலில் முகமட் ஹசானே 4,510 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். ஆள் மாறவில்லை; ஆயினும் ஓராண்டுக்குள் ரந்தாவ் மக்களுக்கு வாக்களிக்கும் உரிமை மீண்டது.

கேமரன் மலையில் ம.இ.கா.வின் சி. சிவராஜ் 597 வாக்குகளில் வென்றிருந்தார். ஜ.செ.க.வின் எம். மனோகரன் தொடுத்த மனுவில், ஓராங் அஸ்லி வாக்காளர்களைக் கவரப் பணம் வழங்கப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டது. 2018 நவம்பர் 30இல் அவ்வெற்றி செல்லாததாயிற்று. அடுத்த ஜனவரி இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், நம் மக்களவையின் முதல் ஓராங் அஸ்லி உறுப்பினரானார்.

இதற்கு மாறானது தமிழ்நாட்டின் இராதாபுரம். 2016இல் ஐ.எஸ். இன்பதுரை 49 வாக்குகளில் மு. அப்பாவுவை வென்றார். தள்ளப்பட்ட அஞ்சல் வாக்குகள் வழக்குக்குப் பொருளாயின. இந்தியச் சட்டமும் ஆறு மாதத்தைக் குறிப்பிடுகிறது. ஆனால் அதற்குள் முடிக்க முயல வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது 2019 அக்டோபரில்தான். எண்ணிக்கை நடந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அச்சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோயிற்று. ஐந்தாண்டுகளுக்கு இராதாபுரத்தின் உண்மையான பேராளர் யார் என்னும் வினாவுக்கு அவ்வைந்தாண்டுக்குள் விடை கிட்டவில்லை.

ஜொகூரிலும் சிறு வித்தியாசங்கள் புதியன அல்ல. 2018இல் தஞ்சோங் பியாய் 524 வாக்குகளில் முடிவாயிற்று. வித்தியாசம் சிறிது என்பது மட்டுமே ஒரு முடிவை மாற்றப் போதாது. விதிமீறல் மெய்ப்பிக்கப்பட வேண்டும். 21 நாள்களில் அதற்கான சான்றைத் திரட்ட வேண்டுமெனில், வாக்குச்சாவடியிலும் எண்ணும் மேசையிலும் அன்றே அது எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தோற்றவர் வெறுங்கூச்சலின்றிச் சான்றுடன் வருவதும், நீதிமன்றம் தவணைக்குள் விடை பகர்வதும் ஆகிய இவ்விரு கடமைகளும் சேர்ந்தே நம் வாக்கைக் காக்கின்றன.