ஆளோலையும் ஒப்புதல் கையெழுத்தும்

'அவளாத்தானே வித்தா? யாரு புடிச்சி வச்சி அறுத்தா?' சிறுநீரக விற்பனை பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். தாமிரபரணிப் பாசன வயல்களில் பண்ணையடிமைகளாகக் கிடந்தவர்களின் வழியில் வந்த எனக்கு இது பழைய கேள்வி.

திருநெல்வேலிச் சீமையின் நஞ்சை பார்ப்பனரிடமும் வேளாளரிடமும் இருந்தது. அதில் உழுது நட்டு அறுத்த பள்ளர்களை நிலத்தோடு சேர்த்தும் விற்றார்கள், தனியாகவும் விற்றார்கள். ஆளை விற்று எழுதிய ஓலைக்கு ஆளோலை என்று பேர். பஞ்சத்தில் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் உண்டு. அவர்களையும் 'தானா வந்து விழுந்தான்' என்று சொல்லிவிடலாம்தானே? 1843இல் வந்த சட்டம் அடிமை உரிமையை ஏற்க மறுத்தது. 1862 முதல் அடிமை வணிகம் குற்றமானது. ஓலை போனது, கடன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது.

1980களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகு, ரத்த உறவில்லாதவரின் சிறுநீரகமும் உடம்பில் நிலைக்கும் வாய்ப்பு கூடியது. உடனே சந்தை திறந்தது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பேர் வந்தது. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் வெளிவந்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். 71 விழுக்காட்டினர் பெண்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முக்கால்வாசிப் பேருக்குக் கடனும் தீரவில்லை. சிறுநீரகமும் போச்சு, கடனும் நிக்குது.

இடையில் 1994இல் நடுவண் அரசு உறுப்பு விற்பனையைத் தடை செய்தது. மறு ஆண்டு தமிழ்நாடு அதை ஏற்றது. ஆனால் உறவினர் அல்லாதவர் 'பாசத்தால்' கொடுக்கலாம் என்று ஒரு வாசல் வைத்தார்கள். குழுவின் முன்னால் பாசம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். விற்பவருக்கும் அதே சட்டத்தில் சிறை உண்டு. பேசிய காசைத் தரகன் தராவிட்டால் அவள் எந்தக் காவல் நிலையத்துக்குப் போவாள்? ஆழிப்பேரலையில் எல்லாம் இழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல்தான் வெளியே வந்தது.

ரத்தச் சுத்திகரிப்பில் கிடப்பவரின் உயிரும் உயிர்தான். அதற்காகத்தான் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி பகிரும் திட்டத்தை 2008இல் தமிழக அரசு கொண்டுவந்தது. கொடுப்பவர் இன்னார் என்று பாராமல் எடுக்கிறோம். அரசு மருத்துவமனையில் காத்திருக்கும் கூலிக்காரருக்கும் அதில் பங்கு போகிறதா என்று பார்க்கும் வேலை நம்முடையது.

விற்றவளை விசாரிப்பதை நிறுத்துவோம். கடன் கொடுத்தவனை, வட்டி வாங்கியவனை விசாரிப்போம். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் செத்தார்கள். அதையும் 'தானாத்தானே கொளுத்திக்கிட்டாங்க' என்று சொல்வீர்களா?