குழாயில் தண்ணீர் அழுத்தம் குறைந்தால் எங்கே தேடுவது?

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் நேரத்தில் குழாயைத் திறந்தால் நூல்போலத் தண்ணீர் வருகிறது. மாளிகாவத்தை தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கிணற்றடியில் அள்ளிக் குளித்துப் பழகியவர்களுக்கு, சுவருக்குள் ஓடும் குழாயில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். வாடகை வீடென்றால், பழுது யாருடையது, கூடிவந்த கட்டணத்தை யார் கட்டுவது என்ற பிரச்சினையும் சேர்ந்துவிடும்.

பிளம்பரைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்க முன்னர், கோளாறு வீட்டுக்குள்ளா, கட்டடத்திலா, வீதியிலா என்பதை நீங்களே பிரித்தறியலாம்.

முதலில் மூன்று கேள்விகள்

ஒரு குழாயில் மட்டுமா? அப்படியென்றால் குழாயின் வாயிலுள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். அதன் கீழுள்ள சிறிய வால்வு பாதி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீடு முழுவதுமா? பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கே நன்றாக வந்தால் உங்கள் வீட்டுக்கு வரும் கிளைக் குழாயிலோ வால்விலோ கோளாறு. எல்லோருக்கும் குறைவென்றால் கூரைத் தாங்கியோ வீதிக் குழாயோ காரணம்.

எந்த நேரத்தில்? காலையில் மட்டும் குறைந்து இரவில் சரியானால், எல்லோரும் ஒரே நேரத்தில் பாவிப்பதே காரணம். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால், பழைய இரும்புக் குழாய்க்குள் துரு படிந்திருக்கலாம். திடீரெனக் குறைந்தால் கசிவையோ மூடிய வால்வையோ தேடுங்கள்.

திறந்தவுடன் என்ன நடக்கிறது?

முதல் சில வினாடிகள் வேகமாக வந்து பின் மெலிந்தால், அழுத்தம் இருக்கிறது, வழியில்தான் அடைப்பு. தொடக்கத்திலிருந்தே மெலிவென்றால் அழுத்தமே போதவில்லை. காற்றுடன் விட்டுவிட்டு வந்தால் தாங்கி வற்றியிருக்கலாம், அல்லது விநியோகம் தடைப்பட்டிருக்கலாம்.

கூரைத் தாங்கியிலிருந்து தண்ணீர் வரும் கட்டடங்களில் உயரமே அழுத்தம். 10 மீற்றர் உயரம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தாங்கிக்கு 3 மீற்றர் மட்டும் கீழேயுள்ள மேல்மாடிக் குழாய்க்குக் கிடைப்பது 0.3 பார்தான். அங்கே ஷவர் மெலிவாக வருவது பழுதல்ல.

மீற்றர் சோதனை

எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மீற்றருக்குப் பின்னர் சொந்தத் தாங்கி இருந்தால் அதற்குள் வரும் வால்வையும் மூடுங்கள். மீற்றர் எண்ணைக் குறித்து, ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீற்றருக்குப் பின்னால் எங்கோ கசிகிறது. பல வீடுகளுக்கு ஒரே மீற்றரென்றால் எல்லா வீட்டாரும் சேர்ந்து செய்தால்தான் பயன்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு பெரும்பாலும் கழிவறைத் தாங்கியில்தான். உடுப்புக்குப் போடும் நீலத்தில் சில சொட்டுகளை அதற்குள் விடுங்கள். 15 நிமிடத்தில், தண்ணீர் திறக்காமலே, கீழே நீலம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பரை மாற்ற வேண்டும். வினாடிக்கு ஒரு சொட்டு வீணானாலும் நாளொன்றுக்குச் சுமார் 20 லீற்றர் போய்விடும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் கூடுவதால் சிறு கசிவும் கட்டணத்தில் தெரியும்.

செய்யக்கூடாதது

வீதிக் குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி உறிஞ்ச வேண்டாம். அயல் வீட்டாருக்குத் தண்ணீர் குறைவதோடு, குழாயில் வெடிப்பிருந்தால் வெளியிலுள்ள கழிவுநீரும் உள்ளே இழுபடும். இந்த அபாயம் கற்பனையல்ல. 2012இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் கொழும்பின் பழைய குழாய்களைச் சீராக்கும் திட்டம் தொடங்கியபோது, மாநகரின் குடிநீரில் ஏறத்தாழப் பாதி, கசிவாலும் பிற காரணங்களாலும் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது.

முறையிடும்போது

10 லீற்றர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று காலை, மதியம், இரவு அளந்து மூன்று நாள் எழுதுங்கள். மீற்றர் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். வீதிப் பக்கக் கோளாறென்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 இலக்கத்துக்கு அழையுங்கள். கணக்கிலக்கம் கேட்பார்கள் என்பதால், கட்டணப் பட்டியலின் பிரதியை வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். அரச நிறுவனத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

"தண்ணீர் வரவில்லை" என்பதை விட, "காலை 6 மணிக்கு வாளி நிரம்ப 4 நிமிடம், இரவு 11 மணிக்கு 1 நிமிடம்" என்பதற்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம். கசிவுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று வீட்டு உரிமையாளரிடம் காட்டவும் அதே குறிப்பு உதவும்.