சாளைப்பாடு (திசையன்விளைக் கடற்கரை)

சாளை கரையோரக் கடலில் கூட்டமாகத் திரியும் சிறுமீன். வேறு ஊர்களில் மத்தி என்பார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்தது நெய்ச்சாளை. திசையன்விளை கடலைத் தொடாத ஊர். உவரி, கூடுதாழை, இடிந்தகரை போன்ற கரைகள் அதற்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ளன. அங்கே வலையில் விழுந்த மீனைப் 'பாடு' என்பார்கள். சாளைப்பாடு ஓராண்டு கொட்டும், மறு ஆண்டு பொய்க்கும்.

காரணம் மீனின் வாழ்விலேயே உள்ளது. நெய்ச்சாளை ஏறக்குறைய இரண்டரை ஆண்டே வாழும். ஓராண்டுக்குள் முட்டையிடத் தயாராகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து நுண்பாசியை வளர்த்தால் குஞ்சு பிழைக்கும். அது தவறினால் ஈடுகட்ட மூத்த மீன்கள் கடலில் இருக்காது. 1940-களில் மலபாரில் பாடு சரிந்தபோது, சென்னை மாகாண அரசு 1943-இல் சிறுகண் வலைகளுக்குத் தடை விதித்து, சில ஆண்டுகளில் விலக்கிக்கொண்டது.

கட்டுமரமும், கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கின. சாளை வராத பருவத்தில் வேறு வலையை எடுத்துக்கொள்ளலாம். மரம் கரையில் சும்மா கிடந்தாலும் வட்டி ஏறாது. உவரியில் பிறந்த ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) இந்தக் கட்டுமர வாழ்வைக் களமாகக் கொண்ட நாவல். பிறகு பைபர் வள்ளமும் எஞ்சினும் வந்தன; கூடவே மண்ணெண்ணெய்ச் செலவும் வியாபாரியின் முன்பணமும் வந்தன. தூத்துக்குடி, சின்னமுட்டம் துறைகளின் விசைப்படகுகளோடு தகராறும் தொடங்கியது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல்மைல் வரை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலை 2000-இல் தடைசெய்யப்பட்டது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய விசைப்படகுத் தடைக்காலம் 2017 முதல் 61 நாள்.

1980-களின் நடுப்பகுதி வரை நெய்ச்சாளை பெரும்பாலும் மேற்குக் கரை மீன்தான். அதன்பின் கிழக்குக் கரையிலும் மிகுதியாகப் படத் தொடங்கியது. கடல் சூடேறியதே காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பட்டது. 2021-இல் கிடைத்ததோ சுமார் 3,300 டன். நல்ல ஆண்டுகளின் லாபத்தில் பெருகிய படகும் வலையும் மெலிந்த ஆண்டுகளில் அதே வேகத்தில் குறைவதில்லை. கடனில் வாங்கிய எஞ்சினை விற்க ஆளில்லை. எனவே எஞ்சிய மீனையும் அதே படகுகள் துரத்துகின்றன. பெருவில் 1970-இல் 1.2 கோடி டன்னுக்கு மேல் நெத்திலி பிடித்த படகுக்கூட்டமும், 1972-இன் எல் நினோ கடல்வெப்பத்தில் மீன்வளம் சரிந்தபோது இப்படித்தான் திகைத்து நின்றது.

தடைக்காலம் கடலில் இருக்கும் நாட்களைக் குறைக்கிறதே தவிர, படகின் எண்ணிக்கையையோ எஞ்சினின் வலுவையோ தொடுவதில்லை. அதன் குறை அதுதான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல்மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் காலை 8 முதல் மாலை 6 வரை சுருக்குமடியை அனுமதித்தது. சாளைக் கூட்டமோ பெரும்பாலும் அந்த 12 மைலுக்கு உள்ளேதான் திரிகிறது.