தோட்டத் தமிழில் நோயும் கூலியும்

அந்தமான் தீவுகளில் குட்வில் எஸ்டேட் என்று ஓர் ஊர் உண்டு. ஆங்கில 'எஸ்டேட்' அங்கே ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. இலங்கை மலையகத் தமிழரோ அச்சொல்லைத் 'தோட்டம்' எனப் பெயர்த்துக்கொண்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையையடுத்துத் தாயகம் திரும்பிய மலையகத்தாருள் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவிலுள்ள இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் விட்டுவந்த தோட்டங்களின் வழக்குச்சொற்களில் நலக்குறைவின் வரலாறும் பதிந்துள்ளமை மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

'துண்டு' என்பதை நோக்கலாம். தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதித்தந்த சீட்டு அது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, கடன்பட்டவர் நோய் மிகுந்த தோட்டத்தைவிட்டு எளிதில் வெளியேற இயலவில்லை. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே 'லயம்'. குதிரை 'லாய'த்தோடு அதற்குத் தொடர்பில்லை. எனினும் ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுதும் சமைத்து, உண்டு, உறங்கிய அவ்வரிசைக் குடியிருப்பைக் கண்டவர்க்கு அம்மயக்கம் எழுவது இயல்பே. நெருக்கமும் கழிப்பிடமின்மையும் கொக்கிப்புழு நோயைப் பெருக்கின. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதற்கெதிரான பணியைத் தொடங்கினர்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் லயங்களைத் தூய்மையாக வைத்திருப்பதையும் நோயுற்றோரைக் கவனிப்பதையும் தோட்டத் துரையின் கடமையாக்கியது. விடியலில் 'பிரட்டுக் கள'த்தில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் நிர்வாகத்திடமே நோயாளியும் ஒப்படைக்கப்பட்டார் என்பது இதன் பொருள். தாய் கொழுந்து பறிக்கச் செல்லும்போது குழந்தையை விட்டுச்செல்லும் இடம் 'பிள்ளைக் காம்பரா'. காம்பரா போர்த்துக்கீசியச் சொல். அதனைக் 'குழந்தைகள் காப்பகம்' என்று பெயர்த்தால், அது தாயின் உழைப்பு நேரத்துக்காக அமைந்த அறை என்பது மறைந்துபோகும்.

பண்பாட்டுக்குப் பங்கில்லை என்பதன்று. பெண்கள் கடைசியில் உண்பதும், அவர்தம் கூலியைக் கணவரோ தந்தையோ வாங்கிக்கொள்வதும் வழக்கிலிருந்தன. ஆனால் பெண்ணுக்குக் குறைந்த நாட்கூலி வழங்கியது வழக்கமன்று, நிர்வாகமே. சமக்கூலி 1984இல்தான் வந்தது. 1974இன் உணவு நெருக்கடி இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டு நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 51 அளவில் இருந்த சிசு மரணம், தோட்டங்களில் ஏறத்தாழ 144. தோட்டத்தார் சோறூட்டும் முறை அவ்வோராண்டில் மாறிவிடவில்லை. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தபோது கிராமத்தார் பலருக்கிருந்த சிறு நிலமும் அவர்களிடம் இல்லை. ஆயினும் அறிக்கைகள் பலவும் 'அறியாமை' என்ற சொல்லையே எளிதாக எடுத்தாண்டன. அச்சொல்லைத் தமிழாக்குவோர் அதனருகே கூலிப்பட்டியலையும் வைத்துப் பார்ப்பது நன்று.

பின்னர்ச் சிசு மரணம் பெரிதும் குறைந்தது. ஆனால் 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17 விழுக்காட்டினர். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32.