கேட்கும் செவி யாருக்குரியது?
தொழிலகத்து உளவளத்துணையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சுவருக்கும் காதுண்டு என்பது நம்மவர் பழமொழி. தொழிற்சாலைச் சுவருக்கு இம்மொழி இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆங்கு ஊழியன் ஒருவன் வாய்விட்டுச் சொல்லும் மனக்குறை மேலதிகாரியின் செவியை எட்டினால், அவனது பிழைப்பே பறிபோகக்கூடும். ஆயினும், ஊழியரதும் அவர்தம் குடும்பத்தினரதும் துயரைக் கேட்பதற்கெனத் தொழில்தருநரே செலவு செய்து ஒருவரை அமர்த்துவதும், கேட்டவை வெளிப்படுத்தப்படா என உறுதி கூறுவதும் இருபதாம் நூற்றாண்டில் தோன்றி நிலைபெற்ற வழக்கமாகும். வேதனம் கொடுப்பவர் ஒருவர்; துயர் சொல்பவர் இன்னொருவர். இவ்விருவருக்குமிடையே அமர்ந்திருப்பவரின் செவி யாருக்குரியது? ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா எழுந்து வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்காக்கோ நகரை அடுத்த சிசரோவில், தொலைபேசிக் கருவிகளை உற்பத்தி செய்துவந்த வெஸ்ரேண் இலெக்ரிக் கம்பனியின் ஹாதோர்ன் தொழிற்சாலை அமைந்திருந்தது. ஒளியின் அளவுக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அறிவதற்காக 1924 இல் அங்கு தொடங்கிய ஆய்வுகள், பின்னர் ஹாவாட் பல்கலைக்கழகத்து எல்ற்றன் மேயோவின் பெயரோடு இணைந்து புகழ்பெற்றன. இவ்வாய்வுகளின் ஒரு கூறாக, 1928 முதல் 1930 வரை 21,000 இற்கும் மேற்பட்ட ஊழியர் பேட்டி காணப்பட்டனர். முதலில் வகுத்து வைத்த வினாக்களே கேட்கப்பட்டன. ஊழியரோ வினாவை விட்டு விலகித் தம் மனத்தில் இருந்ததையே பேசினர். எனவே பேட்டி காண்போர் குறுக்கிடாது செவிசாய்க்கும் முறை 1929 இல் கைக்கொள்ளப்பட்டது. அரைமணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமாக நீண்டது. வேலைத்தலக் குறைகளோடு வீட்டுக் கவலைகளும் வெளிவந்தன. தொழிற்சாலை வாயிலிலே தன் இல்லத்தைக் கழற்றி வைத்துவிட்டு எவனும் உள்ளே வருவதில்லை என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று.

இவ்வனுபவத்தின் பேறாக, 1936 இல் அங்கு நிரந்தரமான உளவளத்துணைத் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. துணையாளர் தத்தமக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளிற் சுதந்திரமாக நடமாடினர். ஊழியரைத் தண்டிக்கவோ குறைகளைத் தாமே தீர்த்து வைக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. கேட்பதும், கேட்டதைக் காப்பதுமே அவர்களது கடமை. 1948 அளவில் அவர்களின் தொகை 55 ஆக உயர்ந்திருந்தது.

எனினும், இத்திட்டம் தோன்றிய காலச் சூழல் ஊன்றி நோக்கற்பாலது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிப்படுத்திய வாக்னர் சட்டம் 1935 இல் நிறைவேறியது. 1933 முதல் 1936 வரையான காலத்தில் இதே கம்பனி தொழிலக ஒற்றர்களுக்கு 25,000 டொலருக்கு மேல் செலவிட்டமை செனற் சபைக் குழுவொன்றின் விசாரணையில் வெளியாயிற்று. கேட்டதைச் சொல்லும் செவிக்கும், கேட்டதைச் சொல்லாத செவிக்கும் ஒரே கையே கூலி கொடுத்தது! இந்நிலையில் ஊழியர் ஐயுற்றிருப்பின் அதனைத் தவறென்று கூறுதல் எங்ஙனம்?

1951 இல் வில்லென்ஸ்கி தம்பதியர் வெளியிட்ட ஆய்வு இதனினும் ஆழமான குறையைச் சுட்டியது. இரகசியம் காக்கப்பட்டபோதும் திட்டம் முகாமைக்கே பயன்பட்டது என்பது அவர்தம் கருத்து. தனியறையிற் சொல்லித் தணிந்த குறை, சங்கத்தின் மூலம் கோரிக்கையாக எழுவதில்லை. ஊதியக் குறைவு உளக்குறையாக மாற்றிப் பொருள்கொள்ளப்படும் ஆபத்தும் உண்டு. 1956 இல் ஹாதோர்ன் திட்டம் முடிவுற்றது.

இவ்வழக்கத்தின் மற்றொரு ஊற்று மதுநோய் ஒழிப்பு இயக்கமாகும். 1935 இல் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிற் குடிநோயாளரின் பரஸ்பர உதவி இயக்கம் தோன்றியது. 1940 களில் டியூபொன்ட், ஈஸ்ற்மன் கொடக் போன்ற பெருங்கம்பனிகள் குடிநோயுற்ற ஊழியருக்கான திட்டங்களை அமைத்தன. இவற்றில் நோயாளியை இனங்காண்பவர் பெரும்பாலும் மேற்பார்வையாளரே. 1970 இல், தாமே குடிநோயிலிருந்து மீண்டவரான செனற்றர் ஹரல்ட் ஹியூஸ் முன்னின்று நிறைவேற்றிய சட்டம் இம்முயற்சிகளுக்கு அரசின் ஆதரவை அளித்தது. மதுநோய்ச் சிகிச்சைப் பதிவேடுகள் நோயாளியின் சம்மதமின்றி வெளியிடப்படலாகாது என்ற பொதுவிதியும் அத்தசாப்தத்திலேயே உருவாயிற்று. அதே 1970 இல் யூற்றா மாநிலத்துக் கெனக்கொற் செப்புக் கம்பனி, மதுவோடு நில்லாது எல்லாவகை இடர்களுக்கும், ஊழியருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் உதவும் திட்டமொன்றைத் தொடக்கியது. இம்மாற்றம் சிறியதன்று. மேலதிகாரி சுட்டிக்காட்டும்வரை காத்திராது, துயருற்ற மனைவி தானாகவே உதவி நாட வழி திறந்தது.

ஆயினும் வாக்குறுதி வேறு, சட்டக் காப்பு வேறு. இவ்வேறுபாட்டை 1996 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த ஜஃபி எதிர் றெட்மண்ட் வழக்குத் தெளிவாக்கியது. இல்லினோய் மாநிலத்துப் பொலிஸ் உத்தியோகத்தரான பெண் ஒருவர் 1991 இற் கடமையின்போது ஒருவரைச் சுட்டுக் கொன்றார். பின்னர் உளவளத்துணை நாடினார். அவருக்குத் துணைபுரிந்த சமூகசேவையாளரும் அதே நகரசபையின் ஊழியரே. இறந்தவரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் அவ்வுரையாடற் குறிப்புகள் கோரப்பட்டன, இருவரும் மறுத்தனர். அவற்றைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் வலிந்து பெறமுடியாதென ஏழு நீதியரசர் தீர்ப்பளித்தனர், இருவர் மாறுபட்டனர். வெளிப்படுமோ என்ற அச்சமே துயருற்றவரின் வாயை அடைத்துவிடும் என்பது பெரும்பான்மையோரின் நியாயம். உளமருத்துவரை நாட வசதியற்றோர்க்குச் சமூகசேவையாளரே துணை என்பதையும் மன்றம் கருத்திற் கொண்டது. எனினும், உண்மையை அறிய விரும்பிய ஒரு குடும்பத்தின் எதிரே இக்கதவு மூடப்பட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. மாறுபட்ட நீதியரசர் சுட்டிய விலையும் இதுவே.

இதுகாறும் கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, கேட்கும் செவியைக் கூலி கொடுப்பவரின் நல்லெண்ணம் மட்டும் காத்துவிடாது. தொழில் ஒழுக்கமும் சட்டமும் அதற்கு அரணாதல் வேண்டும். இரண்டாவது, அச்செவி எத்துணை நேர்மையானதாயினும் நீதிக்கு மாற்றீடாகாது. துயரைச் சொல்லத் தனியறை வேண்டும். உரிமையைக் கேட்கப் பொதுமன்று வேண்டும். ஒன்றைத் தந்து மற்றதைப் பறித்த இடத்தில், ஊழியன் ஆறுதல் பெற்றிருக்கலாம், நியாயம் பெற்றிலன்.